முதுகு காட்டி உட்கார்ந்தவன்

அத்தியாயம் 7

நேற்றுக் காலை, பால் பாக்கெட் போடுகிற பையோடு சேர்த்து, கேட்டில் ஒரு காகிதம் கட்டியிருந்தது. ஒரே வரி.

‘இந்த வீட்டில் இருக்காதே, பத்மப்ரியா.’

மெட்டில்டா அதை வாசித்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். மாடிப்படியைப் பார்த்தாலே முட்டியைப் பிடித்துக்கொள்கிறவள் ஓடினாள் என்றால், அந்த ஒரு வரிக்கு எத்தனை பலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேராக இந்த அத்தியாயத்தில் வந்து இறங்கியிருக்கிற கண்மணிகளுக்காக நாலு வார்த்தை. மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு மாதத்துக்கு முன் சிகந்தராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் ஓர் இஸ்திரி வண்டிக்காரர் மேல் ஜீப் ஒன்று ஏறியது. நின்றது. பின்னால் வந்து மறுபடியும் ஏறியது. மூன்றாம் மாடியில் காய்ந்த துணி எடுக்க வந்த பத்மப்ரியா, ஜீப்பிலிருந்து இறங்கிக் குனிந்து பார்த்தவனின் முகத்தைப் பார்த்துவிட்டாள். பெயர் தெரியாது, முகம் மட்டும்தான். போலீஸ் பிடித்துக்கொண்டு போனதோ அவளுடைய அண்ணன் உமாசங்கரை. வண்டி நிறுத்துகிற தகராறில் முந்தின நாள் அவன் அந்த மனிதரைப் பார்த்துக் கத்தியிருந்தான், அது போதுமாக இருந்தது.

நாளைக் காலை பத்தரைக்கு பத்மப்ரியா கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை அவள் உயிரோடு இருக்க வேண்டும். துப்பறியும் திரிபுரசுந்தரி கையில் எடுத்திருந்த வேலை இவ்வளவுதான். பேகம்பேட்டில் ஒரு மாடி அறைதான் அவள் ஆபீஸ். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவள். யார் வாயைத் திறந்தாலும் அவள் பென்சில் தானாக ஓடும்.

பத்மப்ரியாவை ஒளித்து வைத்த இடம், உதவியாளன் கிதியோனின் அத்தை மெட்டில்டாவின் லோத்குண்டா வீடு. அது தெரிந்தவர்கள் இந்த நாலு பேரும் உமாசங்கரும்தான். அப்படியிருக்க அந்தக் காகிதம் யார் கட்டியது?

நேற்றே சிறை முலாகத்தில், கைதியைப் பார்க்க விடுகிற நேரத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற உமாசங்கரைக் கேட்டாயிற்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒருத்தர்கிட்ட சொன்னேன் மேடம். மூணு வாரம் முன்னாடி. பயத்துல நெஞ்சு வெடிச்சிடும்போல இருந்தது. சாம்ராஜ் அண்ணன்கிட்ட சொன்னேன். தெரு, கேட்ல பதிச்ச மாதா டைல்ஸ், எல்லாம். ஆனா அவர் சொல்ல மாட்டார் மேடம். அவர் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டார்.”

சாம்ராஜ் ஆயுள் கைதி. அவனைப் பார்க்க இன்று மதியம் இரண்டரைக்கு அனுமதி.

அதற்கு முன்னால், காலை பத்து மணிக்கு, லோத்குண்டா வீட்டு வாசலில் ஒருவன் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, மழமழவென்று சவரம் செய்த முகம்.

“சரத். கோர்ட் அனுப்பியிருக்காங்க. சாட்சிக்குக் காவல்.” அடையாள அட்டையை நீட்டினான்.

காகிதம் வந்ததுமே வக்கீல் மூலம் காவல் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். எதிர்பார்த்திருந்த ஆள்தான். இருந்தாலும் கிதியோன் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டான். “ஆமா, எங்க ஆள்தான்” என்றது ஒரு குரல்.

“மேடம், அக்மார்க் முத்திரை விழுந்துடுச்சு” என்றவன், திரிபுரசுந்தரியின் காதருகே குனிந்தான். “ஆனா முகத்தைப் பாருங்க. மேல் மாடிக்கு ஒரு பெயின்ட், கீழ் மாடிக்கு ஒரு பெயின்ட்.”

நெற்றி வெயிலில் கறுத்திருந்தது. தாடையும் கன்னமும் வெளுப்பு.

“ஆளோட மூஞ்சியில குறை சொல்ற வேலையை விடு” என்றாள் திரிபுரசுந்தரி. நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல நோட்டைத் திறந்தாள்.

மெட்டில்டா டீ கொண்டுவந்தாள். “வீட்ல யாருக்கும் தூக்கமே இல்ல தம்பி. நாய் குரைச்சாக்கூட எழுந்து உட்கார்ந்துடறோம்.”

“எழுந்து உட்கார்ந்துடறீங்க...” என்றான் சரத். வேறெதுவும் சொல்லாமல் டீயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“ஹவ், ஆமா தம்பி. இந்தப் பொண்ணு எனக்கு மேல. ஜன்னல் பக்கமே போகாது. அந்த முகம் வந்துடும்னு பயம்.”

“அந்த முகம்...”

ஒரு மாதமாக வாய் திறக்காத பத்மப்ரியா பேசினாள். “காதுகிட்ட ஒரு தழும்பு. குனிஞ்சு பார்த்துட்டு, கைக்குட்டையால கையைத் துடைச்சான். அவசரமே இல்லாம துடைச்சான்.”

“அவசரமே இல்லாம...”

அவள் அழுதாள். கிதியோன் வாசலுக்கு வந்து ஸ்கூட்டரை உதைத்தான். “நாம ஒரு மாசமா கேட்டதுக்குத் தலையை மட்டும் ஆட்டின பொண்ணு. இவன் ரெண்டு வார்த்தையில பேச வெச்சுட்டான். என் சம்பளத்தை அவனுக்குக் குடுத்துடுங்க மேடம்.”

“உன் வாயை அவனுக்குக் குடுத்தா போதும். கிளம்பு.”

*

சிறைக்குள் போகிறவர்கள் போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். பெட்டிக்குள் இரண்டு போனும் போய், பூட்டு விழுந்தது. ஒன்றன் பின் ஒன்றாக மூன்று கதவு. ஒரு கதவு மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். மூன்றாவது கதவு முதுகுக்குப் பின்னால் மூடியபோது கிதியோனின் விசில் நின்றுபோனது.

ஜெயிலர் ஸ்ரீஜாவின் அறை அது. அவர் பேசியது தெலுங்கு. நான் உங்களுக்குத் தமிழிலேயே தருகிறேன்.

“சாம்ராஜைச் சந்தேகப்படறீங்கன்னா எனக்கு வருத்தம்தான். ‘தோடு’ன்னு ஒரு குழு. துணைன்னு அர்த்தம். புதுசா வர கைதியோட முதல் நாள் பக்கத்துல உட்கார்றது அதிகாரி இல்ல, இன்னொரு கைதி. அவங்களே ஆரம்பிச்சாங்க, அவங்களே நடத்தறாங்க. அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் முதல் வாரத்தையே தாண்ட மாட்டாங்க. இப்ப நாலு வருஷமா எல்லாரும் தாண்டறாங்க. வெளிய ஒரு பொண்ணோட உயிர் அவங்க மூலமா போச்சுன்னா, நாளையிலேர்ந்து ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான்.”

சாம்ராஜ் வந்தான். ஐம்பது வயது இருக்கும். சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவன். கைதி வெள்ளை உடை, சுத்தமான நகங்கள். எதிரே நாற்காலி இருந்தும் தாழ்வான ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“உங்ககிட்ட உமாசங்கர் சொன்னது வெளிய போயிருக்கு” என்றாள் திரிபுரசுந்தரி.

“வெளிய போயிருக்கு...”

“நீங்க சொல்லலைன்னா வேற யார் சொன்னது?”

“வேற யார்...”

கிதியோனால் பொறுக்க முடியவில்லை. “என்னண்ணே, கோல்கொண்டா கோட்டை வாசல்ல கை தட்டினா உச்சியில கேக்குமே, அந்த மாதிரி இருக்கு உங்ககூடப் பேசறது.”

சாம்ராஜ் சிரித்தான். “பழக்கதோஷம் தம்பி. கடைசியா என்ன சொன்னாங்களோ, அதை அவங்ககிட்டயே திருப்பிக் குடுப்போம். மனசுக்குள்ள மூணு எண்ணுவோம். மீதி தானா வரும். ‘கைக்கு’, எதுக்குன்னு கேக்கவே மாட்டோம். இங்க வரவன் ஒவ்வொருத்தனையும் ஏன், ஏன்னு கேட்டுத்தானே அடிச்சிருப்பாங்க? அதைப் பண்ணு, இதைப் பண்ணுன்னும் சொல்ல மாட்டோம். கேட்டதை அந்த ரூமை விட்டு எடுத்துட்டும் போக மாட்டோம்.”

“எடுத்துட்டுப் போயிருக்காங்களே.”

அவன் முகம் மாறியது. “பதினோரு வருஷம் முன்னாடி நான் இங்க வந்த ராத்திரி, விடியறதைப் பார்க்கப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன் மேடம். ஒரு கிழவன், திருட்டுக் கேஸ்காரன், பக்கத்துல வந்து உட்கார்ந்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டான். சாகற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல. அவன்கிட்ட கத்துக்கிட்டது நான். சொல்ல மாட்டேன்.”

திரிபுரசுந்தரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் சாட்சிக் கூண்டைப் பார்த்தவள் அல்லவா. இவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவன் இல்லை என்றால் செய்தி வெளியே போன வழி எங்கே?

“அன்னைக்கு அந்த ரூம்ல யார் யார் இருந்தீங்க?”

“நானும் உமாசங்கரும்.”

“வேற யாரும் இல்ல?”

“யாரும் இல்ல. முதுகு மட்டும்தான்.”

பென்சில் நின்றது. “முதுகா?”

“கத்துக்க வரவன் மேடம். முதல் மாசம் சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்காரணும். மூஞ்சியைப் பார்த்தா அழறவனுக்குக் கூச்சமா இருக்கும். காதால மட்டும் கத்துக்கணும். நாங்க அதை முதுகுன்னுதான் சொல்வோம். ஆள் கணக்குல...” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். நாலு வருஷப் பழக்கத்தில் கண்ணே பார்க்காமல் விட்டதை அவன் இப்போதுதான் பார்க்கிறான். “ஆள் கணக்குல சேர்க்கறதே இல்ல.”

“அன்னைக்கு முதுகு யாரு?”

“சாய்குமார். நல்ல பையன் மேடம். அவன் மாதிரி கேக்கறவன் கிடையாது.”

“அவனைக் கூப்பிடுங்க.”

ஸ்ரீஜா தலையசைத்தார். “அவன் ஜாமீன்ல போய் ஒன்பது நாள் ஆச்சு. பதினோரு மாசம் ஜாமீன் எடுக்க ஒரு ஆள் வரல. திடீர்னு ஒரே நாள்ல எல்லாம் நடந்தது.”

“பார்க்க எப்படி இருப்பான்?”

“முப்பது வயசு. இதோ இதுவரைக்கும் தாடி.” சாம்ராஜ் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

கிதியோன் தன் கன்னத்தைத் தடவினான். “கீழ் மாடி பெயின்ட்” என்றான்.

திரிபுரசுந்தரி நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினாள். காலை பத்து மணி. மெட்டில்டா சொன்ன கடைசி வார்த்தை, அதற்குக் கீழே அதே வளைவு, அதே கோடு. பத்மப்ரியா சொன்ன கடைசி வார்த்தை, கீழே மறுபடி அதே கோடு. படிக்கக்கூட வேண்டியதில்லை. இன்று மதியம் எழுதிய பக்கத்தைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே சாயல். கோலப் புள்ளி மாதிரி ஒவ்வொன்றும் இரட்டை இரட்டையாக.

“எழுந்து உட்கார்ந்துடறீங்க” என்று வாசித்தாள். “அந்த முகம். அவசரமே இல்லாம.”

“அது எங்க ஆள்” என்றான் சாம்ராஜ், தரையைப் பார்த்துக்கொண்டே.

“நக்கோ மேடம், அப்படி இருக்கக் கூடாது” என்றான் கிதியோன். “போன் பண்ணிக் கேட்டேனே! ஐயோ, அவன் அட்டையில இருந்த நம்பருக்கே பண்ணிக் கேட்டேனே! திருடன்கிட்டயே திருடனைப் பத்தி விசாரிச்சிருக்கேன்.”

மணி மூன்று அடிக்க ஐந்து நிமிஷம். லோத்குண்டாவுக்கு ஸ்கூட்டரில் போக முக்கால் மணி நேரம். பத்மப்ரியா அவனோடு ஐந்து மணி நேரமாக ஒரே கூரைக்குக் கீழே.

ஸ்ரீஜா ஏற்கனவே தன் மொபைலை எடுத்திருந்தார். “அந்த ஏரியா இன்ஸ்பெக்டர் நர்சிங் ராவ் எனக்குப் பழக்கம். கன்ட்ரோல் ரூமைவிடச் சீக்கிரம் போவார்.” எண்ணைப் போட்டார். “சார், ஒரு வீட்ல போலிக் காவலாளி ஒருத்தன் சாட்சியைப் பிடிச்சு வெச்சிருக்கான். ஆமா, லோத்குண்டா, மாதா டைல்ஸ் போட்ட கேட்...” கேட்டுக்கொண்டார். வைத்தார். “நானே போறேன், வேற யாருக்கும் சொல்ல வேண்டாம், சைரன் கேட்டா அவன் ஏதாவது பண்ணிடுவான்னார். இருபது நிமிஷம்.”

“இருபது நிமிஷத்துல என்ன வேணா நடக்கும்” என்றாள் திரிபுரசுந்தரி.

சாம்ராஜ் எழுந்தான். “நான் அவன்கூடப் பேசறேன்.”

மேஜைமேல் இருந்த லேண்ட்லைனை ஸ்ரீஜா அவன் பக்கம் தள்ளினார். அத்தை வீட்டு எண் கிதியோனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே மனப்பாடம். இருந்தும் அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அழுத்தினான்.

“ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார் ஸ்ரீஜா.

“மாட்டேன்மா. அவன் பேசறதை நான் மட்டும்தான் கேப்பேன். வேண்டாம்னா இப்பவே வெச்சுடறேன்.”

ஸ்பீக்கர் பொத்தான் பக்கம் போன கையை ஸ்ரீஜா எடுத்துக்கொண்டார்.

மணி அடித்தது. எடுக்கப்பட்டது. சாம்ராஜ் மெதுவாகச் சொன்னான்: “சாயி. நான்தான்.”

அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. சாம்ராஜின் உதடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினான். திரிபுரசுந்தரியின் பென்சில் காகிதத்தின்மேல் காத்திருந்தது. அவளுக்குக் கேட்டது ஒரு பக்கம்தான். நமக்கும் அந்த ஒரு பக்கம்தான் கிடைக்கும்.

“பேப்பர் கட்டினது நீதான்...”

கிதியோன் நிமிர்ந்தான்.

“அவங்க ஓடிப்போயிடுவாங்கன்னு நினைச்ச... ம்... போகல...”

மிரட்டல் என்று நினைத்த அந்த வரி, கெஞ்சல். இரண்டு நாளாக அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்.

“உன் தங்கச்சியை வெச்சிருக்காங்க... பானு... அவளைக் காட்டித்தான் வீட்டைச் சொல்ல வெச்சாங்க...” அவன் கண்ணை மூடிக்கொண்டான். “நாலு மணிக்கு வண்டி வரும்... கதவைத் திறந்துவிட்டா போதும்... அதுக்குள்ள அந்தப் பொண்ணு யார்கிட்டல்லாம் சொல்லியிருக்குன்னு கேட்டு வைக்கணும்... கேக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்னுதான் உன்னை வெளிய எடுத்தாங்க...”

மூன்று எண்ணிக்கை.

“காதுகிட்ட தழும்பு... நேத்து வரைக்கும் உனக்கும் தெரியாது... இன்னைக்கு அந்தப் பொண்ணு சொன்னதும்தான்...”

இன்னொரு மூன்று. இந்தத் தரம் சாம்ராஜின் கண் திறந்தது. ஜெயிலரைப் பார்த்தான். அடுத்த வார்த்தையை அவன் மற்றதைவிடக் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்.

“உன்னை ஜாமீன்ல எடுத்தது... இன்ஸ்பெக்டர் நர்சிங் ராவ்.”

பென்சில் முனை உடைந்தது.

ஸ்ரீஜா கையில் இருந்த மொபைலைச் சுட்டுவிட்டதுபோல மேஜைமேல் போட்டார். நாலு மணிக்கு வரவேண்டியவனை அவர்களே கூப்பிட்டு, விலாசமும் அடையாளமும் சொல்லி, இப்போதே போ என்று அனுப்பியிருந்தார்கள்.

கிதியோன் ஜெயிலரின் பேனாவைப் பிடுங்கி, மேஜை நாட்காட்டியின் பின்புறம் கொட்டை எழுத்தில் எழுதி சாம்ராஜின் முகத்துக்கு நேரே பிடித்தான். ‘அவன் இப்பவே வர்றான்.’

சாம்ராஜ் படித்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது.

“சாயி. நான் உனக்கு இதைப் பண்ணு, அதைப் பண்ணுன்னு என்னைக்கும் சொன்னதில்ல. இப்பவும் சொல்லல. வண்டி நாலு மணிக்கு இல்ல. கிளம்பிடுச்சு. பத்து நிமிஷம் இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

ஒன்று. இரண்டு. மூன்று. அந்த அறையில் எல்லாருமே எண்ணினார்கள் என்று நினைக்கிறேன்.

“என்ன சொல்றான்?” என்றாள் திரிபுரசுந்தரி.

“ரிசீவரைக் கீழ வெச்சுட்டான். கட் பண்ணல.” சாம்ராஜ் காதை அழுத்திக்கொண்டான். “நடக்கறான். ஏதோ பேசறான், புரியல. அந்தப் பொண்ணு கத்துது.”

கிதியோன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“இப்ப கத்தல... வயசான அம்மா ஒண்ணு ஏதோ திட்டுது.”

“அத்தை” என்றான் கிதியோன்.

“செருப்பு எங்கன்னு கேக்குது.”

“கர்த்தரே! அத்தைக்கு அந்த பெல்ட் செருப்பை மாட்ட மூணு நிமிஷம் ஆகும்!” இதற்குமுன் இதைச் சொல்லியிருந்தால் அவனே முதலில் சிரித்திருப்பான்.

“கதவு” என்றான் சாம்ராஜ். “அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஃபேன் சத்தம்தான்.”

அவர்கள் போனார்களா, இழுத்துக்கொண்டு போனானா, எந்தப் பக்கம் போனான், எதுவும் தெரியாது. ஸ்ரீஜா மொபைலில் யாரோ பெரிய அதிகாரியைப் பிடிக்கப் பார்த்தார். மீட்டிங்கில் இருக்கிறார் என்று பதில் வந்தது. நான்கு பேரும் ஒரு ரிசீவரைச் சுற்றி நின்றார்கள். அந்தக் காலி வீட்டின் ஃபேன் சத்தம் சாம்ராஜின் காதில் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒன்பதாவது நிமிஷம் அவன் உடம்பு விறைத்தது.

“பூட்ஸ்.”

அடுத்த கணம் அவன் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினான்.

அறைகள் திறந்து மூடுகிற சத்தம். ஏதோ உருண்டது. அப்புறம் ரிசீவரை யாரோ தூக்கினார்கள். மூச்சு இரைத்தது.

“சாயி? டேய் சாய்குமார், நீயா லைன்ல?”

ஸ்ரீஜா வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அந்தக் குரல் தெரியும். அதுமட்டுமில்லை, போலிக் காவலாளி என்றுதான் அவர் சொல்லியிருந்தார். சாய்குமார் என்ற பெயரை அவர் சொல்லவே இல்லை.

சாம்ராஜ் குரலை இறக்கினான். “லைன்ல...”

“எங்கடா அந்தப் பொண்ணு? வீடு காலியா கிடக்கு.”

“காலியா கிடக்கு...”

“விளையாடறியா? நாளைக்கு அவ கோர்ட்ல ஏறி என் மூஞ்சியைக் காட்டினா நான் முடிஞ்சேன்.”

“உங்க மூஞ்சியை...”

ஒன்று. இரண்டு. மூன்று.

“பால்கனியில நின்னு பார்த்தா இல்ல அவ? அந்த இஸ்திரிக்காரன் மாதிரி இவளும் வாயை மூடியாகணும். உன் தங்கச்சி எங்க இருக்கான்னு ஞாபகம் இருக்கா?”

“எங்க இருக்கா...”

“பேகம்பேட்ல என் மச்சான் ஆபீஸ் மூணாவது மாடி. நான் ஒரு போன் போட்டா போதும். அரை மணி டைம். பொண்ணைக் கொண்டுவா.”

தொடர்பு அறுந்தது.

திரிபுரசுந்தரி பேனாவால் கடைசிக் கோட்டை இழுத்து, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டாள். ஸ்ரீஜா அந்த நோட்டை எட்டிப் பிடித்துக்கொண்டே மொபைலில் கத்திக்கொண்டிருந்தார். “மீட்டிங்கா? கதவை உடைச்சு உள்ள போய் சொல்லுங்க! பேகம்பேட், நர்சிங் ராவோட மச்சான் ஆபீஸ், மூணாவது மாடி, ஒரு பொண்ணு!”

சாம்ராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தான். தன் கைகளையே பார்த்தான்.

“ஒருத்தன் பேசினதை முதல் தடவையா நாலு பேர் கேக்கும்படி விட்டுட்டேன். அந்தக் கிழவன் சொல்லிக் குடுத்ததை வெச்சு ஒருத்தனுக்குத் தூண்டில் போட்டுட்டேன்.” திரிபுரசுந்தரியின் நோட்டுப் பக்கம் திரும்பினான். “மேடம், இன்ஸ்பெக்டர் பேசினதை வெச்சுக்கங்க. அதுக்கு முன்னாடி சாயி என்கிட்ட பேசின பக்கம் இருக்கே, அதைக் குடுத்துடுங்க.”

“அண்ணே, அது சாட்சி” என்றான் கிதியோன்.

“உனக்குச் சாட்சி. அவன் அதை என்கிட்ட மட்டும்தான் சொன்னான்.”

இருபத்திரண்டு வருஷத்தில் திரிபுரசுந்தரி எழுதின பக்கத்தைக் கிழித்ததில்லை. அடித்தல்கூட ஒற்றைக் கோடுதான், கீழே இருப்பது தெரிய வேண்டும் என்பது கோர்ட் வழக்கம். அவள் நோட்டை ஜெயிலர் கையிலிருந்து வாங்கினாள். அந்தத் தாளை மட்டும் ஓரத்தைப் பிடித்து, மெதுவாக, நேராகக் கிழித்தாள்.

சாம்ராஜ் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனுக்குச் சுருக்கெழுத்து படிக்கத் தெரியாது.

லேண்ட்லைன் அடித்தது. கிதியோன் பாய்ந்து எடுத்தான்.

“அத்தை! எங்க இருக்க?... பக்கத்து மிலிட்டரி கேட்டா? சிப்பாய் போனா? இந்த நம்பர் சாய்குமார் குடுத்தானா?... சரி சரி, அவரைத் திட்டாத, துப்பாக்கி வெச்சிருக்கார்... ஹவ் அத்தை, ஹவ்... குடு, அவகிட்ட குடு.” ரிசீவரைத் திரிபுரசுந்தரியிடம் நீட்டினான். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

“மேடம்...” பத்மப்ரியாவின் குரல் மூச்சுக்குத் திணறியது. “கேட்டுக்கு ஓடும்போது ஒரு ஜீப் எங்களைத் தாண்டிப் போச்சு. சரத், இல்ல சாய்குமார், எங்களை மரத்துக்குப் பின்னாடி தள்ளிட்டார். ஆனா நான் பார்த்துட்டேன். அவன்தான் மேடம். அதே முகம்.”

“சாய்குமார் எங்கம்மா?”

“உள்ள வர மாட்டேங்கறார். கேட்டுக்கு வெளியில தரையில உட்கார்ந்திருக்கார். தங்கச்சி, தங்கச்சின்னு ஒரே வார்த்தை.”

திரிபுரசுந்தரி ஜெயிலரைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீஜா மொபைலைக் காதில் வைத்து, மறு காதைப் பொத்தி, கேட்டுக்கொண்டிருந்தார். பேகம்பேட்டில் யாரோ படி ஏறுகிற சத்தம் அவருக்குக் கேட்டதோ என்னவோ. இடது கையை உயர்த்தி, எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

சாம்ராஜ் கை நீட்டினான். ரிசீவர் அவன் கைக்குப் போனது.

“அந்தப் பொண்ணை அவன் பக்கத்துல போய் உட்காரச் சொல்லுங்க” என்றவன், அப்புறம் தானே போனில் சொன்னான். “அம்மா, போனை அவன் காதுல வைங்க.”

பிறகு சாம்ராஜ் மெல்லச் சொன்னான்:

“தங்கச்சி...”

மூன்று எண்ணினான். மேஜைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஜாவின் உயர்ந்த கை சட்டென்று இறங்கியது. அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, பேச முடியாமல், தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம், ஆமாம் என்று.

“சாயி” என்றான் சாம்ராஜ். “கிடைச்சுட்டா.”